மீசை இல்லாத மிருதங்கக்காரனுக்கு

அன்புள்ள என் தம்பி மாசிலாமணிக்கு,

கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனாலும் 'அன்புள்ள' என்று தொடங்காமல் கை ஓடவில்லை. இதற்கும் நீ ஒரு குறை சொல்லுவாய். "பேரச் சொல்லிட்டு விஷயத்துக்கு வாக்கா, எதுக்கு இந்த ஜோடனை" என்பாய்.

இன்று காலையில் எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், ஒரு பிடி ரவையில் தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன். நீ இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைதோறும் செய்த வேலை. நீ போனபிறகு இன்றுதான் செய்கிறேன். உன் மிருதங்கத்தை உறையிலிருந்து எடுத்து மடியில் சாய்த்து, இடது பக்கத் தோலில், நாதம் கனக்கட்டும் என்று, அந்த மாவை வட்டமாக அப்பினேன். எஸ்தர் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன மதினி, உப்புமாவுக்கா பிசையுதிய?"

"இல்ல. உன் வீட்டுக்காரன் போட்ட தாளத்த நான் ஒருதடவ எண்ணிப் பாக்கணும்."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிரிக்கப் போனாளா, அழப் போனாளா என்று நான் கேட்கவில்லை. உன் மனைவிக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் வரும்.

எதற்காக எண்ணினேன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஊர்ச் செய்தி.

வருகிற சனிக்கிழமையோடு நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. ஐரோப்பாவில் சண்டை இன்னும் ஓயவில்லை. காகிதம் கிடைக்காமல் நம் சபையின் மாதப் பத்திரிகை பாதியாக இளைத்துப்போயிற்று. சாரல் நன்றாக விழுகிறது, ஆறு கலங்கலாக ஓடுகிறது. டாக்டர் வீட்டுக்குக் கிராமபோன் பெட்டி வந்திருக்கிறது. பாளையங்கோட்டையில் பாதிப்பேர் அதைப் போய்க் கேட்டாகிவிட்டது. நானும் போனேன். பாடுகிறவர் குழலுக்குள் தலையை விட்டுக் கத்துகிறார். மிருதங்கமோ மேலப்பாளையத்தில் இருந்து வாசிப்பதுபோல் இருக்கிறது. கேட்கிறதா, நம் பிரமையா என்று தெரியவில்லை. உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தபடி வாசிக்கிற ஒருவனைக் கடைசியில் பிடித்துத் தட்டுக்குள் அடைத்துவிட்டார்கள்.

என்னவெல்லாம் சொன்னாய் நீ! நீதிமன்றத்தில் உட்கார்ந்து நகல் எழுதுகிற வேலை. உன் எழுத்தில் ஒரு சுழி அதிகம் இருக்காது. பக்கத்து மேஜைக்காரர் 'ல' எழுதும்போது வாலை நீட்டுவார் என்று வீட்டில் வந்து ஒரு வாரம் புலம்பினாய். ஆனால் மிருதங்கக்காரர்கள் உன் கையில் சிக்கினார்கள் என்றால் அந்த மேஜைக்காரர் தப்பித்தார். ஒரு கல்யாண வீட்டில் பாட்டின் ஒவ்வொரு வரி முடியும்போதும் பெரிதாக முத்தாய்ப்பு வைத்து வாசித்த ஒருவரைப் பற்றி நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"வீட்டுக்கு வந்த மனுசன் வாசல்ல நின்னு 'நான் போயிட்டு வாரேன், போயிட்டு வாரேன்'னு சொல்லிக்கிட்டே இருந்தா எப்படிக்கா இருக்கும்? ஒண்ணு போணும், இல்ல பைய உள்ள வந்து உக்காரணும்."

சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் என்னால் நிம்மதியாக ஒரு மேளம் கேட்க முடியவில்லை. முத்தாய்ப்பு வரும்போதெல்லாம் வாசலில் ஒரு ஆள் நின்று விடைபெறுகிறான். என் காதைக் கெடுத்தவன் நீ.

உன் பிடிவாதம் எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். சபையில் தோல் வாத்தியம் கூடாது என்று அப்போதிருந்த மிஷன் துரை உத்தரவு போட்டிருந்தார். கீர்த்தனைக்குப் பிடிலும் ஜால்ராவும் போதும் என்பது அவர் எண்ணம். நீ மிருதங்கத்தைத் தூணுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு விரல் நுனியால் வாசித்தாய். மூன்று ஞாயிறு அவருக்குத் தெரியவே இல்லை. நான்காவது ஞாயிறு உனக்குக் காய்ச்சல். பாட்டு ஆளுக்கொரு பக்கமாகச் சரிந்து, பெண்கள் முடித்து உட்கார்ந்த பிறகும் ஆண்கள் இரண்டு வரி பாக்கி வைத்திருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் துரை என்னிடம் வந்து, "ஜனங்கள் இன்றைக்கு ஏன் இழுக்கிறார்கள்? போன வாரம் நன்றாக நடந்தார்களே" என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு அனுமதி கொடுத்தார்.

அன்றிலிருந்து உனக்கு ஒரே வேதம். வாசிப்பது தெரியக் கூடாது, வாசிக்காவிட்டால் தெரிய வேண்டும். அதற்கு ஒரு சோதனையும் வைத்திருந்தாய். கடைசி வரிசையில் உட்காரும் பனையேறி ஞானமுத்து அண்ணாச்சி. விடிய மூன்று மணிக்கே பனைக்குப் போய்விட்டு வருகிறவர், முதல் ஜெபத்திலேயே தூங்கிவிடுவார். ஆனால் கீர்த்தனை தொடங்கினால் தூக்கத்திலேயே அவருடைய வலது கால் தாளம் போடும். "அவர் கால் நின்னா நான் தப்பு. மத்தவம்லாம் என்ன வேணும்னாலும் சொல்லட்டும்" என்பாய்.

இதெல்லாம் நல்ல பேச்சுதான். நான் மறுக்கவில்லை. இனி அந்தக் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன்.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. விடியற்கால ஆராதனை முடிந்து, கோயில் முற்றத்துப் பந்தலில் கீர்த்தனை. அப்பா எழுதின கிறிஸ்துமஸ் பாட்டை நான் பாடினேன். எனக்கு முப்பத்து நான்கு வயது. தொண்டை அன்று தானாகவே திறந்துகொண்டது. மூன்றாவது சரணத்தில் 'விடியுதே' என்று ஒரு சொல் வரும். அதில் குரலைக் கொஞ்சம் ஓட விடுவது வழக்கம். தாளத்தின் ஒரு சுற்று, எட்டு அடி, அதற்குள் ஓடி முடித்துத் திரும்ப வேண்டும். அன்று எனக்குத் திரும்ப மனம் வரவில்லை. மேலே போய், உருண்டு, இன்னும் மேலே ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்து அங்கேயும் போனேன்.

மிருதங்கம் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். நீ இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். நான் எப்படியோ கீழே இறங்கி வந்து சரணத்தை முடித்தேன். அப்போது நீ சொன்னாய். முன்வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாய்.

"அக்கா, கர்த்தருக்குப் பாடுதியா, துரைசாணிக்குப் பாடுதியா?"

துரைசாணி முன்வரிசையில்தான் இருந்தார். மிஷன் துரையின் மனைவி, சென்னையில் இருந்து புதிதாக வந்தவர், பியானோ வாசிப்பவர். அவர் இருப்பதை நான் பார்த்தேன். தம்பி, அதுதான் என்னைக் கொன்றது. நீ சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் அன்று மத்தியானமே உன் இலையில் சோற்றைக் கவிழ்த்துச் சண்டை போட்டிருப்பேன். பாதி உண்மையாகப் போய்விட்டது. மேலே போன அந்த நேரத்தில் நான் யாரை நினைத்தேன்? கர்த்தரையா? அப்பாவையா? சென்னைக்குப் போய்க் காலேஜில் எஃப்.ஏ. படித்துவிட்டு வந்தவள், கீர்த்தனையும் இப்படிப் பாடுவாள் என்று ஒரு வெள்ளைக்காரி நினைக்கட்டும் என்று நினைத்தேனா? எத்தனையோ நாள் என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் பாடவில்லை. சபையில் உதட்டை மட்டும் அசைத்தேன். பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டினேன். எனக்குக் குரலே கிடையாது என்றுதான் அந்தப் பெண்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் பதினோரு வருஷம் நீ உயிரோடு இருந்தாய். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் உனக்கு ரவை பிசைந்து கொடுத்தவள் நான். ஒருநாளாவது 'ஏன்க்கா பாடலை' என்று கேட்டாயா?

சரி, போன திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

நம் சபை உபதேசியார் வந்தார். உன் ஞாபகமாகச் சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில் கீர்த்தனை வைத்திருக்கிறார்களாம்.

"மொதல்ல நான் கொஞ்சம் பேசுதேன் வாத்திச்சியம்மா. பிள்ளைய ரெண்டு பாட்டுப் பாடட்டும். அப்புறம் டவுன்லேர்ந்து சொர்ணம் அண்ணாவி வந்து தனியா அரை மணி நேரம் வாசிக்காவ."

"சொர்ணம் அண்ணாவியா? நாடகக் கம்பெனிக்கு வாசிக்கவரா? எந்தம்பி ஞாபகத்துக்கா?"

"கூட்டம் வரணும்லாம்மா."

சொர்ணம் அண்ணாவியை உனக்கு மறந்திருக்காது. கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு வாசிப்பவர். தலையில் எலுமிச்சம்பழத்தை வைத்து, அது விழாமல் வாசிப்பவர். உன் நினைவைக் கொண்டாட இந்த ஜில்லாவில் அவர்தான் அகப்பட்டார்.

"நீங்க ஒரு கீர்த்தனை பாடுனியள்னா..." என்று இழுத்தார் உபதேசியார்.

"பாட மாட்டேன்."

"தெரியும். கேக்காம இருக்கக் கூடாதுன்னு கேட்டேன்." பிறகு நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார். "நான் என்ன பேசப் போறேன்னு சொல்லுதேன். அந்தக் கிறிஸ்மஸ் கதைதான். சொந்த அக்கான்னும் பாக்காம, பாட்டுல பகட்டு வந்த நிமிஷமே கைய எடுத்தாம்லா மனுசன்! அதச் சொன்னாலே போதும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாடம். உங்களுக்கு வருத்தமில்லையே?"

வருத்தமில்லை என்று என் வாய் சொல்லிற்று. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கதையை அவர் எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பார்! ஒவ்வொரு தடவையும் நான் குரலை ஓடவிட்ட அந்தப் பிர்கா ஒரு முழம் நீளும், உன் முகம் ஒரு சுற்று தேவதூதன் முகமாகும்.

அப்போது கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்த எஸ்தர் வாசற்படியிலேயே நின்றாள். காப்பியை வைத்துவிட்டு ஓடிப்போனாள்.

உபதேசியார் போனபிறகு அடுக்களைக்குப் போனேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மதினி, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியளே?"

"அடிக்க வயசு போயிட்டு. சொல்லு."

"அன்னைக்கு அவிய வேணும்னு கைய எடுக்கல. தாளம் தப்பிட்டு."

"எனக்கா?"

"அவியளுக்கு."

மாசிலாமணி, எஸ்தர் சொல்லச் சொல்ல, அந்தக் கிறிஸ்துமஸ் மத்தியானம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. நீ ஆட்டுக்கறி வேண்டாம் என்று சொல்லிப் படுத்துக்கொண்டது எனக்கும் நினைவிருக்கிறது. என் பகட்டைக் கண்டு உனக்கு மனம் நொந்துவிட்டது என்று அன்று நினைத்தேன்.

"'ஒரு சுத்துல வந்துருவான்னு நெனச்சு முத்தாய்ப்பு வச்சிட்டேன், எஸ்தரு. அவ ரெண்டாவது சுத்துக்குப் போயிட்டா. எங்கன நிக்கேன்னே தெரியல. கைய எடுத்துட்டேன். எல்லாரும் பாக்கான். வாய்க்கு வந்தத ஒண்ணச் சொல்லிட்டேன். அக்காட்ட மட்டும் சொல்லிராத'ன்னாவ. நான் சத்தியம் பண்ணிட்டேன் மதினி."

"பதினோரு வருஷம்?"

"ரெண்டு நாள்ல நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிருவியன்னுல்லா நெனச்சேன். நீங்களும் கேக்கல, அவியளும் சொல்லல. எனக்கு எங்கன தெரியும், உங்க குடும்பமே கல்லுன்னு?"

"நல்லாப் பாடினான்னாவது சொன்னானா?"

எஸ்தர் யோசித்தாள். உனக்காகப் பொய் சொல்லலாமா என்று யோசித்தாள் போலிருக்கிறது. கடைசியில் உண்மையைத்தான் சொன்னாள்.

"சொல்லல. ஆனா சாயங்காலம் வரைக்கும் கட்டில் சட்டத்துல அத வெரலால போட்டுப் போட்டுப் பாத்தாவ. பிள்ளைய ஒறங்கல அந்தச் சத்தத்துல."

சொல்லவில்லை. கட்டில் சட்டத்துக்குச் சொன்னாய், எனக்குச் சொல்லவில்லை. ஒரு வார்த்தைக்கு உனக்கு அவ்வளவு பஞ்சமா? மிருதங்கத்தில் ஒரு அடி அதிகம் விழக் கூடாது என்று காத்துக் காத்து, பேச்சிலும் அப்படியே ஆகிவிட்டாயா? இல்லை, தாளம் தப்பாத மாசிலாமணி என்று ஊர் கட்டின கோட்டையில் ஒரு செங்கல் போய்விடும் என்று பயமா? எது என்று நீதான் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய்.

நேற்று மத்தியானம் சொர்ணம் அண்ணாவி வந்தார். ஹாலைப் பார்க்க வந்தவர், உன் மிருதங்கத்தைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கும் வந்துவிட்டார். ஆள் நுழைவதற்கு முன்னால் ஜவ்வாது நுழைந்தது. காதில் கடுக்கன், விரலில் மோதிரங்கள், மீசையை மெழுகு போட்டு நிறுத்தியிருக்கிறார். நல்ல பத்தமடைப் பாயாகப் பார்த்து விரிக்கச் சொன்னேன். உன் வாத்தியத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. கும்பிடும்போதும் ஒரு அழகு பார்த்துக் கும்பிட்டார்.

"உங்க தம்பி என்னைய ஒரு வார்த்த சொன்னாவ அம்மா. பத்து வருசமா மறக்கல."

"என்ன சொன்னான்?"

"டவுன்ல நாடகம் முடிஞ்சு வெளிய வாரேன். எல்லாரும் மால போடுதான். இவிய மட்டும் கிட்ட வந்து, 'வே அண்ணாவி, கண்ணக் கட்டிக்கிட்டு வாசிக்கதுல என்ன இருக்கு? கண்ணத் தொறந்து பாடுதவ மூஞ்சியப் பாத்து வாசியும், அதுல்லா கஷ்டம்'னுட்டுப் போயிட்டாவ. மாலையெல்லாம் கனத்துப் போச்சு எனக்கு."

"அதுக்கப்புறம் கண்ணக் கட்டுறத விட்டுட்டீங்களா?"

"எப்படி விடுவேன்? ஜனங்க அதுக்குத்தான வாராவ." குரலைத் தாழ்த்தினார். "ஆனா துண்டுல ஒரு ஓட்டை போட்டுக்கிட்டேன். பாடுதவ மூஞ்சியப் பாக்கதுக்கு."

நான் சிரித்துவிட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன். உன் பேச்சைக் கேட்டு இந்த ஊரில் ஒருவராவது தன் வாசிப்பை மாற்றிக்கொண்டாரா என்றால், தம்பி, அது இவர் ஒருவர்தான். துண்டு கட்டியதும் இவர்தான், ஓட்டை போட்டதும் இவர்தான். நீ என்ன செய்வாய்?

அந்தத் தைரியத்தில் கேட்டேன்.

"அண்ணாவி, பாடுறவங்க ஒரு சுத்துல முடிப்பாங்கன்னு நெனச்சு நீங்க முத்தாய்ப்பு வச்சிட்டீங்க. அவங்க முடிக்கல, இன்னொரு சுத்துக்குப் போயிட்டாங்க. அப்போ என்ன செய்வீங்க?"

"தாளம் தப்பிருமே."

"ஆமா. தப்பிட்டு. என்ன செய்வீங்க?"

"கைய எடுத்துருவேன்." கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார். "எடுத்துட்டு, வேணும்னு எடுத்த மாரி மீசைய முறுக்கி ஜனங்களப் பாப்பேன். ஆகா, பாட்டுக்கு எடம் விட்டான் பாரு மேதை அப்படிம்பாங்க. எல்லாரும் செய்யுததுதானம்மா. மிருதங்கக்காரனுக்கு மீச எதுக்கு இருக்குன்னு நெனச்சிய?"

மாசிலாமணி, உனக்கு மீசை கிடையாது. வாரத்துக்கு இரண்டு தடவை வழித்துவிடுவாய். உனக்குக் கைக்கு எட்டினது கர்த்தர்தான். அவரைப் பிடித்து முறுக்கிவிட்டாய்.

இதைத்தான் நான் திங்கட்கிழமையில் இருந்து மென்றுகொண்டிருக்கிறேன். பகட்டு, பகட்டு என்று ஊரையெல்லாம் விரட்டினாயே, அன்று பந்தலில் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்த அந்த உட்கார்வைவிடப் பெரிய பகட்டு எது? எலுமிச்சம்பழம் வைத்தவரை ஜனங்கள் ஒரு சாயங்காலம் கைதட்டி மறந்துவிடுவார்கள். உன் அடக்கத்தைப் பன்னிரண்டு வருஷமாகப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தப்பிவிட்டது என்று அன்றே சிரித்திருந்தால் என்ன? நானும் சிரித்திருப்பேன். 'இன்னொரு தரம் பாடுக்கா, புடிச்சிருதேன்' என்று சொல்லியிருந்தால் ஆயிரம் தரம் பாடியிருப்பேனே.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. தப்பினது நீதான் என்று எஸ்தர் சொன்னாள். ஆனால் நான் சரியா? குரல் போன போக்கில் போய், எங்கோ வந்து விழுந்துவிட்டு, உன் தலையில் பழியைப் போடுகிறேனா? அதை எண்ணத்தான் இன்று காலையில் ரவை பிசைந்தேன்.

இடது கையால் மெல்ல ஒரு தட்டு, வலது கையில் விரல் எண்ணிக்கை. நீ பார்த்தால் சிரிப்பாய், குழந்தை வாசிப்பது மாதிரி. முதல் தரம் 'விடியுதே'யில் குரல் உடைந்தது. பன்னிரண்டு வருஷத்துக் கதவு இல்லையா, கிறீச்சிட்டது. இரண்டாம் தரம் பாதியில் மூச்சு போயிற்று. மூன்றாம் தரம் போயிற்று தம்பி, மேலே, அந்த இடத்துக்கு. முன்னைப்போல இல்லை, கொஞ்சம் சொரசொரப்பு. ஆனால் இடம் அதேதான். எட்டு முடிந்தது, அங்கேதான் அன்று நீ முத்தாய்ப்பு வைத்து விடைபெற்றாய். நான் போய்க்கொண்டே இருந்தேன். பதினாறு முடிந்தது. பாட்டு எடுக்கிற இடத்தில், ஒரு மயிரிழை முந்தாமல் பிந்தாமல், வந்து விழுந்தேன். நம்பாமல் இன்னும் இரண்டு தரம் எண்ணினேன். விழுந்தேன்.

அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அன்று நீ கையை எடுத்ததும் பயந்துபோய் நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். ஞானமுத்து அண்ணாச்சி தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய வலது கால் நிற்கவில்லை. நான் இறங்கி வரும்வரை தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. உன் சோதனையில் நான் தேறியிருந்தேன். கண்ணால் பார்த்தும் அதை நான் நம்பவில்லை, உன் மடியில் கிடந்த கையைத்தான் நம்பினேன். இதில் உன்மேல் கோபப்படுவதா, என்மேலா?

துரைசாணி விஷயம் அப்படியே இருக்கிறது. அதை எந்தத் தாளத்திலும் எண்ணித் தீர்க்க முடியாது. அவரையும் நினைத்துத்தான் பாடியிருப்பேன், வைத்துக்கொள். ஆனால் ஒருத்தி ஆசைப்பட்டுப் பாடினாள் என்பதற்காகப் பாட்டு தப்பாகிவிடாது. இந்த ஒரு வரியை நாற்பத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன். நீ இருந்து இதற்கு ஒரு பதில் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உபதேசியார் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கேட்டிருக்கிறார். 'என் தம்பியின் அடக்கம்' என்று தலைப்பும் அவரே கொடுத்துவிட்டார். அவர் கேட்டது இதுவல்ல. இருந்தாலும் இந்தக் கடிதத்தைத்தான் கொடுக்கப் போகிறேன், சனிக்கிழமை முடிந்தபிறகு. எஸ்தரிடம் கேட்டுவிட்டேன். "உங்ககிட்டதான சொல்லாதன்னாவ, ஊருகிட்ட சொல்லாதன்னு சொல்லலியே" என்கிறாள். ஒருமுறை தாளம் தப்பினவன் நீ என்று நாலுபேருக்குத் தெரியட்டும். தப்பவே தப்பாதவனோடு உட்கார்ந்து பாட யாருக்குத் தைரியம் வரும்?

இனிச் சொல்லப்போவது எஸ்தருக்கும் தெரியாது.

சனிக்கிழமை உபதேசியார் எழுந்து அந்தக் கதையைச் சொல்லுவார். சொல்லட்டும். நடுவில் மறுக்க மாட்டேன், சபை நடுவே உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். அவர் முடித்து, அண்ணாவி தோலைத் தட்டிச் சுருதி பார்க்கும்போது நான் எழுந்திருப்பேன். அப்பாவின் பாட்டை எடுப்பேன். ஆடி மாதத்தில் கிறிஸ்துமஸ் பாட்டா என்று முன்வரிசையில் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். மூன்றாவது சரணத்தில் அந்தச் சொல்லில் மேலே போவேன். அண்ணாவியிடம் முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை. ஓட்டை வழியாக என் முகத்தைப் பார்த்துப் பிடித்தால் பிடிக்கட்டும், இல்லையென்றால் மீசையை முறுக்கட்டும். நான் கடைசி வரிசையில் ஞானமுத்து அண்ணாச்சியின் வலது காலை மட்டும் பார்த்துக்கொண்டு பாடுவேன்.

உன் மிருதங்கத்தை என் பக்கத்தில், அதே பத்தமடைப் பாயில் வைத்துக்கொள்வேன். கிளம்பும் முன் புது ரவை பிசைந்து அப்பியிருப்பேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வாய் திறந்து பாடுவேன், இது உனக்கு நான் தருகிற வாக்கு.

கையை எடுத்துவிடாதே. ரெண்டு சுற்று. எண்ணிக்கோ.

உன்மேல் இன்னும் கோபம் தீராத,
உன் அக்கா ஞானப்பூ